‘டைம்’ என்ற சொல்லுக்கு ரைம் தேடுவோம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் பேருந்தில் செல்வோர் கச்சிராயபாளையத்தைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறுவார்கள். இந்த ஊர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கல்வராயன் மலை என்னும் மூன்றும் ‘க’ என்ற ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. கள்ளக்குறிச்சி, வெள்ளிமலை என்ற இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘ள்’. முதலாவது மோனை, அடுத்தது எதுகை. பெயர் வைத்தவர்கள் இலக்கணம் பார்த்து வைக்கவில்லை. ஆயினும் இந்த ஒற்றுமையை நம் காது உடனே கண்டுகொள்கிறது.

அதே கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் ஒரு நாளில் எத்தனை முறை ‘டைம்’ என்ற சொல் காதில் விழுகிறது! ‘வெள்ளிமலை வண்டிக்கு டைம் ஆயிற்றா?’ என்று கேட்பவர் ஆங்கிலம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. அச்சொல் தமிழ்நாட்டில் அவ்வளவு புழங்கிவிட்டது. ஆங்கிலத்திலும் அதற்குத் தனிச் சிறப்பு உண்டு. ஆங்கிலப் பெயர்ச்சொற்களிலேயே மிகுதியாக வழங்குவது ‘டைம்’ என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக் குழுவினர் 2006இல் அறிவித்தனர்.

இந்தச் சொல்லோடு ஒலியால் இணையும் பிற ஆங்கிலச் சொற்கள் யாவை? அவற்றைக் கண்டுபிடிக்க ஒழுங்கான முறை ஏதேனும் உண்டா? சரியாக இணையாமல் ஏறக்குறைய மட்டும் இணைபவற்றை எப்படி வகைப்படுத்துவது? இது கவிஞர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. ஆங்கிலத்தைக் கண்ணால் படித்துப் பழகி, காதால் கேட்கவும் வாயால் பேசவும் தயங்கும் மாணவர் அனைவருக்கும் இதில் பயன் இருக்கிறது. விடை தேடுவதற்கு வேண்டிய கருவியோ நம் தமிழ் யாப்பிலக்கணப் பாடத்திலேயே இருக்கிறது.

முதலில் நம் எதுகை

இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இதனுடன் இன்னொரு விதியும் உண்டு. பலர் அதை மறந்துவிடுவார்கள். முதல் எழுத்துகள் அளவால் ஒத்திருக்க வேண்டும். அதாவது ஒன்று குறிலானால் மற்றதும் குறில்; ஒன்று நெடிலானால் மற்றதும் நெடில். ‘பட்டு’, ‘கட்டு’ எதுகை. ‘பாட்டு’, ‘வீட்டு’ எதுகை. ஆனால் ‘பட்டு’, ‘பாட்டு’ எதுகை ஆகா. இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘ட்’ தான் என்றாலும், முதல் எழுத்தை ஒலிக்கும் கால அளவு வேறுபடுகிறது. காது அதை ஏற்பதில்லை.

‘மலை’ என்ற சொல்லுக்கு எதுகை தேடுவோம். ‘லை’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு முன் குறில் எழுத்துகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டியதுதான். அலை, இலை, உலை, கலை, கொலை, சிலை, தலை, நிலை, வலை, விலை எனப் பத்துச் சொற்கள் நொடியில் வந்துவிடுகின்றன. ‘வேலை’, ‘மாலை’, ‘சோலை’ ஆகியவை நெடிலில் தொடங்குவதால் வேறு கூட்டம்.

இவ்வாறு ஒரு பகுதியை நிலையாக வைத்து, மற்றப் பகுதியை வரிசையாக மாற்றிப் பார்ப்பதே ரைம் தேடும் முறை. ஆங்கிலத்துக்கும் இதுவே பொருந்தும். எந்தப் பகுதியை நிலையாக வைப்பது என்பதில்தான் இரு மொழிகளும் வேறுபடுகின்றன.

ஆங்கிலத்தின் விதி

ஆங்கிலச் சொல்லை ஒலிக்கும்போது ஏதாவது ஓர் அசையில் குரல் அழுத்தி விழும். அந்த அழுத்தம் விழும் உயிரொலியிலிருந்து சொல்லின் கடைசி வரை எல்லா ஒலிகளும் ஒத்திருக்க வேண்டும். அந்த உயிருக்கு முன் வரும் மெய்யொலி மட்டும் மாறியிருக்க வேண்டும். இந்த இரண்டும் நிறைவேறினால் அது முழு ரைம்.

இங்கே தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். நம் எதுகையில் ‘மலை’யும் ‘சிலை’யும் இணையும். முதல் எழுத்தின் உயிர் அகரமா இகரமா என்று தமிழ் கேட்பதில்லை. குறிலா நெடிலா என்று மட்டுமே கேட்கிறது. ஆங்கிலமோ உயிரொலி அதுவேயாக இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலக் காதுக்கு மலை, தலை, கலை, வலை ஆகியவையே முழு ரைம். சிலையும் உலையும் வெளியே நிற்கும்.

இனி ‘டைம்’ என்ற சொல்லைப் பிரிப்போம். ட் + ஐ + ம் என்பன அதன் ஒலிகள். நிலையாக வைக்க வேண்டிய பகுதி ‘ஐம்’. நம் ‘ஐம்பது’ என்ற சொல்லின் தலைப்பகுதி இது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதற்கு முன்னே மெய்யொலிகளை வரிசையாகச் சேர்ப்போம்.

‘கைம்’ என்று ஆங்கிலத்தில் வழக்கமான சொல் இல்லை, விட்டுவிடலாம். ‘சைம்’ என்று நாம் எழுதுவதில் இரண்டு சொற்கள் உண்டு. மணியோசையைக் குறிப்பது ஒன்று. அதன் முதலொலி ‘அச்சம்’ என்பதில் உள்ள வன்மையான சகரம். மற்றொன்று தாவரவியல் மாணவர் அறிந்தது. நுனி மொட்டு பூவாக முடிந்துவிடும் மஞ்சரி வகையின் பெயர். அதன் முதலொலி மென்மையான ஸகரம். ‘மைம்’ என்பது பேச்சின்றி நடிக்கும் நடிப்பு. ‘லைம்’ என்பது சுண்ணாம்பு. எலுமிச்சை வகையும் அதுவே. ‘ரைம்’ என்பது நம் கட்டுரையின் பொருள். மரக்கிளைகளில் படியும் ஒருவகை உறைபனிக்கும் ஒலிப்பில் அதே பெயர்தான். அமெரிக்காவின் பத்து சென்ட் நாணயமும் தமிழில் ‘டைம்’ என்றே எழுதப்படும். ஆனால் அதன் முதலொலி ‘பண்டம்’ என்பதில் வரும் மெலிந்த டகரம். நேரத்தைக் குறிக்கும் ‘டைம்’ என்பதன் முதலொலி ‘பட்டம்’ என்பதில் வரும் வன்மையான டகரம். தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தோன்றினாலும் ஆங்கிலத்தில் இவை வேறு வேறு சொற்கள். ஆகவே நல்ல ரைம்.

அடுத்து இரண்டு மெய்கள் சேர்ந்து வருபவை. ‘க்ரைம்’ குற்றம். அதன் முதலொலியைச் சற்று மெலித்தால் படிந்த அழுக்கைக் குறிக்கும் சொல் கிடைக்கும். ‘ப்ரைம்’ முதன்மை; கணக்கில் பகா எண்ணுக்கும் அதே பெயர். ‘ஸ்லைம்’ வழவழப்பான கூழ்மம். ‘கிளைம்’ மேலே ஏறுதல். ஆக, ஓரசைச் சொற்களிலேயே ஒரு டஜனுக்குப் பக்கமாக வந்துவிட்டன.

நீண்ட சொற்களில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். உன்னதமானது என்று பொருள்படும் ‘சப்லைம்’ என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது. எனவே அது முழு ரைம். நொதியைக் குறிக்கும் ‘என்சைம்’ என்பதில் அழுத்தம் முதல் அசையிலேயே விழுந்துவிடுகிறது. ‘சைம்’ தளர்ந்து ஒலிக்கிறது. எழுத்தில் பார்த்தால் பொருத்தமாகத் தோன்றினாலும் காதுக்கு அது அரைப் பொருத்தமே.

ஈரசை ரைமும் உண்டு. மோட்டாரைத் தானாக நிறுத்தும் ‘டைமர்’, சுவருக்கு வண்ணம் பூசுமுன் அடிக்கும் ‘ப்ரைமர்’, மலையேறுபவரைக் குறிக்கும் ‘கிளைமர்’ ஆகியவை ஒரே குடும்பம். இங்கே ‘ஐமர்’ முழுவதும் ஒத்துவருகிறது.

கண் ஏமாற்றும், காது ஏமாறாது

இந்தச் சொற்களின் ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால்தான் வேடிக்கை புரியும். ‘டைம்’ முடிவது ஐ, எம், இ என்ற எழுத்துகளில். மஞ்சரியான ‘சைம்’ முடிவது ஒய், எம், இ என்ற எழுத்துகளில். ஏறுதலைக் குறிக்கும் சொல் ஐ, எம், பி என்று முடிகிறது. அதில் கடைசி எழுத்து ஒலிப்பதே இல்லை. ‘ரைம்’ என்ற சொல்லில் ஆர் எழுத்தை அடுத்து ஒரு ஹெச் ஒலிக்காமல் நிற்கிறது. எழுத்துகள் வேறு, ஒலி ஒன்று.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. எழுத்து ஒன்று, ஒலி வேறு. ‘ரெஜீம்’ என்ற சொல்லின் கடைசி மூன்று எழுத்துகள் ‘டைம்’ என்பதன் கடைசி மூன்று எழுத்துகளே. ஆனால் ஒலி ‘ஈம்’. உடலுறுப்பைக் குறிக்கும் ‘லிம்’ என்ற சொல்லுக்கும் ஏறுதலைக் குறிக்கும் ‘கிளைம்’ என்ற சொல்லுக்கும் முடிவெழுத்துகள் ஒன்றே. ஆயினும் ஒன்றில் இகரம், மற்றதில் ஐகாரம். இதைவிட வியப்பானது ஒன்று: சீப்பு, கல்லறை, வெடிகுண்டு ஆகிய மூன்றுக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் மூன்றும் ஓ, எம், பி என்றே முடிகின்றன. ஒலிப்பதோ கோம், டூம், பாம்! பார்வைக்கு மட்டும் ஒத்திருக்கும் இத்தகையவற்றைக் கண் ரைம் என்பார்கள்.

ஆங்கிலத்துக்கு எழுத்துகள் 26. பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் ஒலிகளோ சுமார் 44. பற்றாக்குறைக்கு ஒரே எழுத்து பல வேலைகளைச் செய்கிறது. தவிரவும், கி.பி. 1400க்கும் 1700க்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கில நெட்டுயிர்களின் ஒலிப்பு பெரிதும் மாறிவிட்டது. அதே காலத்தில் அச்சகங்கள் எழுத்துக்கூட்டலை நிலைப்படுத்தத் தொடங்கிவிட்டன. ஒலி நகர்ந்தது, எழுத்து நின்றுவிட்டது. ‘டைம்’ என்ற சொல்லே முன்னொரு காலத்தில் ‘டீம’ என்பதுபோல ஒலித்தது.

அரைகுறை ஒற்றுமையிலும் ஓர் ஒழுங்கு

எல்லாச் சொற்களுக்கும் முழு ரைம் கிடைப்பதில்லை. மாதத்தைக் குறிக்கும் ‘மன்த்’ என்ற எளிய சொல்லுக்கு ஆங்கிலத்தில் வழக்கமான முழு ரைம் கிடையாது. அத்தகைய இடங்களில் அரை ரைம் கைகொடுக்கிறது. அரை ரைம் என்றால் ஏதோ கவனக்குறைவாகச் சேர்த்தது என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கும் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை நம் யாப்பு நூலார் எப்போதோ வகுத்து வைத்திருக்கிறார்கள்.

அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நூல். அதன் ஒழிபியலிலும் உரையிலும் நேர் எதுகையிலிருந்து சற்று விலகிய எதுகை வகைகள் பேசப்படுகின்றன. அவற்றை ‘டைம்’ என்ற சொல்லின் அரை ரைம்களோடு பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது இன எதுகை. இரண்டாம் எழுத்து அதுவேயாக இல்லாமல், அதே இனத்தைச் சேர்ந்ததாக இருப்பது. வல்லினத்துக்கு வல்லினம், மெல்லினத்துக்கு மெல்லினம், இடையினத்துக்கு இடையினம். கள்ளக்குறிச்சி, கல்வராயன் என்ற பெயர்களைப் பாருங்கள். ஒன்றில் ‘ள்’, மற்றதில் ‘ல்’. இரண்டும் இடையினம். ஆகவே ஊரும் அதன் மலையும் இன எதுகையால் இணைகின்றன! சின்னசேலம், சங்கராபுரம் என்ற அண்டை ஊர்ப் பெயர்களில் ‘ன்’, ‘ங்’ என்ற மெல்லினங்கள் வருகின்றன. அதுவும் இன எதுகையே.

ஆங்கிலத்தில் ‘டைம்’ என்பதற்கு ‘லைன்’, ‘மைன்’, ‘ஃபைன்’, ‘நைன்’ ஆகியவை இவ்வகை அரை ரைம்கள். உயிர் அதே ஐகாரம். ‘ம்’ இருந்த இடத்தில் அதன் இனமான ‘ன்’ வந்திருக்கிறது.

இவை ஏன் காதுக்கு நெருக்கமாகத் தோன்றுகின்றன? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். விரல்களால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று நீட்டி ஒலியுங்கள். முடியாது, ஒலி உடனே அடைபட்டுவிடும். ‘ன்ன்ன்’ என்றாலும் அதே கதிதான். இப்போது மூக்கைப் பிடித்தபடியே ‘ல்ல்ல்’, ‘ள்ள்ள்’ என்று ஒலியுங்கள். தடையின்றி வரும். மெல்லினத்தை ஒலிக்கும்போது வாய் வழி அடைபட்டு மூச்சு மூக்கின் வழியே செல்கிறது. உதட்டில் அடைத்தால் ‘ம்’; நாநுனியால் அடைத்தால் ‘ன்’. அடைக்கும் இடம் வேறு. மூக்கில் எழும் அதிர்வு ஒன்றே. ‘ல்’, ‘ள்’ ஆகியவற்றில் நாவின் நுனி மேலே தொட, மூச்சு நாவின் பக்கங்களில் வழிந்து செல்கிறது. எழுத்துகள் வாயில் பிறக்கும் விதத்தைத் தொல்காப்பியம் பிறப்பியல் என்னும் தனி இயலில் விளக்குகிறது. இனம் என்று இலக்கணம் பிரித்தது ஏட்டுப் பிரிவு அன்று. வாயும் மூக்கும் வகுத்த பிரிவு.

இரண்டாவது வருக்க எதுகை. மெய் அதுவே, அதன் மேல் ஏறிய உயிர் மாறுவது. ‘நிலம்’, ‘பலி’ என்பவற்றில் ‘ல’, ‘லி’ வருவது போல. ஆங்கிலத்தில் இதற்கு ஒப்பாக மெய்களை வைத்துக்கொண்டு உயிரை மட்டும் மாற்றுவது உண்டு. ‘டைம்’, ‘டீம்’, ‘டேம்’, ‘டோம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் உலகப் போரில் 1918இல் உயிரிழந்த ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் இவ்வகை அரை ரைமைப் போர்க் கவிதைகளில் வேண்டுமென்றே பயன்படுத்தினார். ஏதோ உடைந்துபோனது போன்ற ஒலி அவர் சொல்ல வந்த துயரத்துக்குப் பொருந்தியது.

மூன்றாவது உயிர் எதுகை. மெய் மாறி, உயிர் மட்டும் ஒத்து வருவது. ‘டைம்’ என்பதோடு ‘லைஃப்’, ‘லைட்’, ‘ப்ரைஸ்’ ஆகியவற்றைச் சேர்ப்பது இதை ஒத்தது. ஐகாரம் ஒன்றே இவற்றை இணைக்கிறது. இறுதி மெய்கள் வேறு வேறு இனம். இது இன எதுகையைவிடத் தொலைவான உறவு.

நான்காவது ஆசிடை எதுகை. ய், ர், ல், ழ் என்ற நான்கு மெய்களில் ஒன்று இடையே புகுந்தாலும், அதைத் தாண்டி எதுகை ஒத்துவருவது. ‘ஆக்கம்’, ‘வாழ்க்கை’ என்பவற்றில் ‘ழ்’ என்பதை ஒதுக்கிவிட்டால் ‘க்’ ஒன்றுகிறது. பொற்கொல்லர் இரு துண்டுகளை இணைக்கப் பற்றாசு வைப்பது போன்றது இந்த ‘ஆசு’. ஆங்கிலத்தில் கூடுதல் மெய் பெரும்பாலும் கடைசியில் ஒட்டும். ‘டைம்’ என்பதோடு ‘க்ரைம்ஸ்’ என்பதைச் சேர்த்தால், ஒட்டிய ‘ஸ்’ ஒலியைக் காது பெருந்தன்மையோடு ஒதுக்கிவிடுகிறது.

ஆங்கிலத்தில் ‘ஏறத்தாழ ரைம்’ என்று பொதுப்பெயர் சூட்டப்படுவதை நம் முன்னோர் உறவின் நெருக்கத்தை அறிந்து தனித்தனிப் பெயரிட்டு வகுத்திருக்கிறார்கள். இவ்வகைகளைத் தெரிந்த தமிழ் மாணவருக்கு ஆங்கில அரை ரைம் புதிய பாடம் அன்று.

முன்னே எதுகை, பின்னே ரைம்

தமிழ் ஏன் சொல்லின் முன்பகுதியில் ஒற்றுமையைத் தேடுகிறது? ஆங்கிலம் ஏன் கடைசியில் தேடுகிறது? தமிழ்ச் சொல்லின் வேர் முன்னே நிற்கும். காலமும் பாலும் எண்ணும் வேற்றுமையும் பின்னே ஒட்டும். வந்தான், சென்றான், கண்டான், உண்டான் என்று கடைசி ஒலி ஒத்த சொற்களை எவரும் நூற்றுக்கணக்கில் அடுக்கலாம். அடியின் கடைசியில் ஒலி ஒத்து வருவதை இயைபு என்கிறோம். அது தமிழில் எளிதாகக் கிடைப்பது. எளிதாகக் கிடைப்பதில் காதுக்கு வியப்புக் குறைவு. வேர்ச்சொற்கள் ஒலி ஒத்து நிற்கும்போதுதான் காது நிமிர்ந்து கேட்கிறது. ஆங்கிலமோ தன் பழைய விகுதிகளில் பெரும்பாலானவற்றை இழந்துவிட்டது. ‘டைம்’, ‘லைம்’, ‘க்ரைம்’ போன்ற சொற்களின் கடைசிப் பகுதி விகுதி அன்று, வேரின் பகுதியே. எனவே அங்கே கடைசி ஒலிகளின் சந்திப்பு சுவை தருகிறது.

இந்தச் சுவைக்கு நடைமுறைப் பயனும் உண்டு. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏட்டைப் பாராத உழவரும் இதை மறப்பதில்லை. ‘ஆடி’ என்று சொன்னதும் ‘தேடி’ தானே நாவுக்கு வந்துவிடுகிறது. எழுதி வைக்காத அறிவை எதுகை கட்டிக் காத்திருக்கிறது.

ஒலியை வரிசைப்படுத்திய நூல்கள்

எதுகை தேடுவோருக்கு உதவும் நூல்கள் தமிழில் பழங்காலத்திலேயே தோன்றிவிட்டன. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அதன் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வது. அங்கே சொற்கள் முதலெழுத்தின்படி அடுக்கப்படவில்லை. ககர எதுகை முதலாக இரண்டாம் எழுத்தின்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆசிரியரிடம் பாடம் கேட்டு மனப்பாடம் செய்த காலத்தில் அதுவே வசதியான வரிசை.

இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பகுதிகள் உடையதால் அப்பெயர் பெற்றது. நான்காவதான தொடை அகராதி, எதுகையாக வரும் சொற்களைத் தேடி எடுக்க உதவும் பகுதி. இந்நூல் 1824இல் சென்னையில் அச்சேறியது.

இங்கிலாந்தில் பீட்டர் லெவின்ஸ் என்பவர் 1570இல் ஆங்கிலச் சொற்களை அவற்றின் இறுதி அசைப்படி அடுக்கி ஓர் ஆங்கில - லத்தீன் அகராதியை வெளியிட்டார். ஜான் வாக்கர் 1775இல் வெளியிட்ட அகராதியில் சொற்கள் கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கி வரிசைப்படுத்தப்பட்டன. தமிழ் நூல்கள் முன்னிருந்து இரண்டாம் எழுத்தைப் பார்த்தன. ஆங்கில நூல்கள் பின்னிருந்து பார்த்தன. அந்தந்த மொழியின் இயல்பு அப்படி.

இன்று இந்த வேலையைக் கணிப்பொறி செய்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒலிப்பு அகராதியில் 1,30,000க்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்கள் உள்ளன. ஒவ்வொரு சொல்லின் ஒலிகளும் தனித்தனியே குறிக்கப்பட்டு, எந்த உயிரில் அழுத்தம் விழுகிறது என்பதற்கும் ஓர் எண் தரப்பட்டிருக்கிறது. முழு ரைம் தேடும் கணிப்பொறி, அழுத்தமுள்ள கடைசி உயிரைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இறுதி வரை ஒத்த சொற்களைப் பொறுக்கி எடுக்கிறது. நாம் ‘ஐம்’ என்பதை நிலையாக வைத்துத் தேடினோமே, அதே முறைதான். எழுத்துக்கூட்டலை நம்பினால் கணிப்பொறியும் கோம், டூம், பாம் மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிடும். அதனால்தான் அதற்கும் ஒலி அகராதி தேவைப்படுகிறது.

மாணவர்க்கு என்ன பயன்?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1983இல் ‘நேச்சர்’ என்ற அறிவியல் ஏட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நான்கு, ஐந்து வயதுள்ள சுமார் 400 ஆங்கிலக் குழந்தைகளிடம் சில சொற்களைச் சொல்லி, அவற்றில் ஒலியால் சேராத சொல்லைக் கண்டுபிடிக்கச் செய்தார்கள். அப்போது அக்குழந்தைகளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. பின்னர் பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒலி ஒற்றுமையை நன்கு உணர்ந்த குழந்தைகளே பொதுவாக வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னேறியிருந்தனர். ஒலி உணர்வு குறைந்திருந்த 65 குழந்தைகளை வேறு வேறு குழுக்களாகப் பிரித்துப் பயிற்சியும் தந்தார்கள். ஒலியால் சொற்களைப் பிரிக்கப் பழகியதோடு, அந்த ஒலிகளைப் பிளாஸ்டிக் எழுத்துகளோடு இணைத்துப் பார்த்த குழுவே மிகுதியாகப் பயன் பெற்றது. காதும் கண்ணும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

தமிழ்வழியில் படிக்கும் நம் மாணவரின் நிலை வேறு. தமிழில் ஓர் எழுத்தைப் பார்த்தால் அதன் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வருபவர், எழுதியிருக்கும் எழுத்தையெல்லாம் ஒலிக்க முயல்வது இயல்பே. ஏறுதலைக் குறிக்கும் சொல்லின் கடைசி எழுத்தையும் ஒலித்து, வகுப்பில் சிரிப்புக்கு ஆளாகி, பிறகு வாயையே திறக்காமல் இருந்துவிடும் மாணவர் எத்தனை பேர்! குறை மாணவருடையது அன்று. எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே ஆங்கிலத்தில் விழுந்துவிட்ட இடைவெளியே காரணம். ‘டைம் என்பதற்கு ரைம்’ என்று அச்சொல்லை நினைவில் வைத்தவர் அந்தத் தவற்றைச் செய்யமாட்டார். தெரிந்த ஒரு சொல்லின் ஒலியே தெரியாத பத்துச் சொற்களுக்கு வழிகாட்டியாகிறது.

இதற்குப் பணச்செலவு இல்லை. கல்வராயன் மலையின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலும் செய்யலாம்; கள்ளக்குறிச்சி நகரப் பள்ளியிலும் செய்யலாம். ஒரு குறிப்பேட்டில் பக்கத்துக்கு ஓர் ஒலியாகத் தலைப்பிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பத்திகளாகப் பிரியுங்கள். இடப்பக்கம் முழு ரைம். வலப்பக்கம் அரை ரைம். பாடத்தில் புதிய சொல் வரும்போது ஆசிரியரிடம் ஒலிப்பைக் கேட்டோ, ஒலிப்புக் குறியுள்ள அகராதியைப் பார்த்தோ உரிய பக்கத்தில் எழுதுங்கள். எழுத்துக்கூட்டல் மாறுபடும் சொற்களின் கீழ் கோடிடுங்கள். அரை ரைம் பத்தியில், அது இனத்தால் வந்ததா, உயிர் மாறி வந்ததா, ஒரு மெய் கூடி வந்ததா என்று ஒரு சொல்லில் குறித்துவையுங்கள். சில மாதங்களில் உங்கள் கையாலேயே ஒரு சிறு தொடை அகராதி உருவாகிவிடும்.

முதல் பக்கத்துக்கு மலையைக் குறிக்கும் ‘ஹில்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம். கரும்பு ஆலையான ‘மில்’, கடையில் தரும் ‘பில்’ இரண்டும் முழு ரைம். இன்னும் ஒரு டஜன் சொற்களாவது உங்களுக்குக் கிடைக்கும். குதிகாலைக் குறிக்கும் ‘ஹீல்’ எந்தப் பத்தியில் வரும்? குறில், நெடில் விதியை நினைத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.